அரை விரல் தள்ளி

முதலில் செருப்பு. அதை மேடை ஓரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, சுருட்டி வைத்த கம்பளத்துக்குக் காலால் ஒரு தள்ளு. அது உருண்டு விரிந்ததும், டேப் அக்கா வெறுங்காலோடு அதன் நான்கு மூலைக்கும் நடந்து பார்க்கிறார். அடியில் ஒரு ஒயர் நெளிந்து கிடந்தாலும் பாதத்துக்குத் தெரிந்துவிடுமாம். வேறு யாராவது ஷூவோடு அதில் ஓர் அடி வைத்தால் தொலைந்தார்கள். "ஏம்மா, உன் வீட்டுப் படுக்கையிலயும் இப்படித்தான் மிதிப்பியா?" என்று குழுவின் பாடகியையே ஒருநாள் கேட்டுவிட்டார். பாடகியைப் பார்க்க அன்று வாசலில் ஆயிரம் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நின்றால் என்ன? அன்றிலிருந்து அந்தப் பெண் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கம்பளத்தைத் தாண்டுகிறாள்.

வேனில் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் ராக் குழு அது. மேடையில் டிரம்ஸைப் பொருத்துவதும் பிரிப்பதும் அக்காவின் வேலை. ஆறடிக்கு ஆறடிக் கம்பளத்தில் கலர் கலராக டேப் துண்டுகள் ஒட்டியிருக்கும். சிவப்பில் ஸ்டூல், மஞ்சளில் பெரிய டிரம், பச்சையில் வலது பக்கச் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டைத் தாங்கும் ஸ்டாண்டின் மூன்று கால்கள். எந்த ஊர் மேடையானாலும் வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டலாம், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். டேப் சுருள்களை வளையல் மாதிரி இடது கையில் மாட்டிக்கொண்டு திரிவதால் அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அக்கா திரும்பிப் பார்ப்பதே சந்தேகம்.

மதியமானால் வீட்டிலிருந்து போன் வரும். வீட்டுக்காரர் தையல் கடை வைத்திருக்கிறார்.

"இன்னைக்கு எந்த ஊரும்மா?"

"யாருக்குத் தெரியும்? வேன் நின்னுச்சு, இறங்கினோம்."

"சாப்பிட்டியா?"

"பொழுது போகலையா உங்களுக்கு? வேலை கிடக்கு, வைங்க."

வைக்கமாட்டார்கள். இன்னும் கால் மணி நேரம் ஓடும்.

அக்காவும் தையல்காரிதான். பதினாலு வருஷத்துக்கு முன் ஒரு மேடையின் கறுப்புத் திரைக்கு ஓரம் அடிக்க வந்தவர். அன்று அடிக்கிற அடியில் பெரிய டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போனது. பார்க்கச் சகிக்காமல் ஓடிப் போய் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் பிடித்தவர்தான்.

அடித்தவன் பெயர் இடி. எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டால் அவன் பேச்சு அவன் காதுக்கே கேட்காது. போன வருஷம் வேனின் பின்படியில் வழுக்கி விழுந்து வலது தோள் உடைந்தது. ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வந்தான். "நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன்" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான்.

மறைத்தது இரண்டே ஊர். மூன்றாவது ஊரில் ஸ்டிக்குகளைத் துடைத்து வைக்கும்போது அக்கா கண்டுபிடித்துவிட்டார். சிம்பல் விளிம்பில் பட்டுப் பட்டு, வலது கை ஸ்டிக்கின் கழுத்து எப்போதும் எலி கடித்த மாதிரி இருக்கும். இப்போது கழுத்து வழவழவென்று இருந்தது, நுனி மட்டும் சிதைந்திருந்தது. கை எட்டவில்லை. அன்றைக்கே வேனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் மெதுவாகச் சொன்னான்:

"இந்த டூர் இருபது ஊரோட வாசிக்கிறதை நிறுத்திக்கிறேன்க்கா. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். கூடப் பிறந்த தம்பி கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்கமாட்டார்.

மறுநாள் பச்சைக் குறியை நான்கு விரல் உள்ளே தள்ளி ஒட்டினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. நிகழ்ச்சிக்கு முந்தைய சவுண்ட் செக்கில் இடி கையை வீசினான். பட்டது. தன் கையையே ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அதற்கடுத்த ஊரிலிருந்து, ஊருக்கு அரை விரல் வெளியே. அடி மேல் அடி அடித்தால் அம்மியே நகரும்போது சிம்பல் நகராதா? தினமும் அக்கா கண்கொத்திப் பாம்பாக அந்தத் தோளையே பார்த்தார். அது தயங்கினால் மறுநாள் நகர்த்தமாட்டார். ஓர் ஊரில் மழை, குளிர், தோள் இறுகிக்கொண்டது. வாயில் வந்தபடி மழையைத் திட்டிக்கொண்டே ஒரு விரல் உள்ளே இழுத்தார்.

ஒரே பயம்தான். இடி ரோஷக்காரன். தனக்காகச் சிம்பலைக் கிட்டக் கொண்டு வந்தது தெரிந்தால், அந்த ஊரோடு இறங்கிப் போய்விடுவான்.

பதினாறாவது ஊரில் அரங்குக்குள் சிக்னல் இல்லை. அக்கா போனோடு வாசலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால், ஷூவைக் கையில் பிடித்தபடி இடி வெறும் கம்பளத்தில் குனிந்து நிற்கிறான். டேப்பை உரித்தாலும் பசை போகுமா? பசையில் அழுக்கு ஏறி, உள்ளிருந்து வெளியே எறும்பு போகிற மாதிரி வரிசையாகக் கறுப்புக் கோடுகள்.

"என்னக்கா இது?"

"அதுவா... துவைச்சேன் தம்பி. கம்பளம் சுருங்கிடுச்சு."

"ஒரு பக்கம் மட்டுமா?"

இனி என்ன மறைப்பது! "ஆமாடா, நான்தான் தள்ளி வச்சேன். உடம்பு இளைச்சா சட்டையைப் பிடிச்சுத் தைக்கிறோம், தேறினா பிரிச்சு விடறோம். அதைத்தான் பண்ணேன். கோச்சுக்கறதுன்னா கோச்சுக்கோ."

அக்கா டிரம்ஸைப் பொருத்தி முடிக்கும்வரை இடி ஓரமாக நின்றான். சவுண்ட் செக்குக்கு உட்கார்ந்து வாசித்தான். பாட்டின் நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு எழுந்தான். சரி, போகிறான் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்டாண்டு நகரும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், அவனே அதைத் தூக்கி, எல்லாவற்றுக்கும் வெளியே இருந்த பழைய தடத்தில் மூன்று கால்களையும் வைத்துக்கொண்டிருந்தான். இன்றைய குறியிலிருந்து ஒன்றரை விரல் தள்ளி. உட்கார்ந்து கையை வீசினான். முதல் வீச்சில் நுனி உரசிவிட்டுப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வீசினான். காலி நாற்காலிகள் அதிரும்படி விழுந்தது அடி. பாடகி மைக்கை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

இடி ஸ்டிக்கை அக்காவிடம் நீட்டினான். கழுத்தில் புதிதாக ஒரு கடி.

"அடுத்த டூருக்குப் புதுக் கம்பளம் வாங்கணும்க்கா. இதுல ஒட்ட இடமே இல்ல."

அக்கா மண்டியிட்டு, பச்சைச் சுருளைக் கையிலிருந்து கழற்றி, பல்லால் கடித்துக் கிழித்து, ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் ஒட்டினார். மூன்றாவது துண்டு நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகும், குனிந்த தலை நிமிராமல், கட்டைவிரலால் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.