மஞ்சள் நீராடிய தூண்டில் இறகுகள்

மீனுக்கு மஞ்சள் பிடிக்குமா? வேளிக் காயல் படகுக்காரர் வேதமாணிக்கம் ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. அப்புறம்தான் சேஷனின் கதை தெரிந்தது. அவரும் படகுக்காரரும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

வலியசாலை அக்ரஹாரத்துச் சேஷன், கொல்லம் ஆண்டு 1110இல், அதாவது 1935 வாக்கில், மராமத்து ஆபீசில் ஆக்டிங் கிளார்க். மூன்று வருடமாக அதே ஆக்டிங். தெருவில் இன்னும் நான்கு சேஷன்கள் இருந்ததால், ‘ஆக்டிங் சேஷன்’ என்றால்தான் தபால்காரருக்கே அடையாளம் தெரியும். பைலில் ஒரு கையெழுத்து விழுந்தால் வேலை நிரந்தரம். கையெழுத்துப் போடவேண்டிய எஞ்சினீயர் துரைக்கோ பைல் நினைப்பே கிடையாது. எந்நேரமும் பாலாங்கண்ணி நினைப்புதான்.

பாலாங்கண்ணி என்பது வெள்ளிச் செதிலும் பெரிய கண்ணும் கொண்ட காயல் மீன். தூண்டிலில் மாட்டினால் ஆள் உயரம் துள்ளி, தலையை உதறி, முள்ளைத் துப்பிவிட்டுப் போய்விடும். துரை இரை வைத்துப் பிடிக்கமாட்டார். முள்ளில் கோழி இறகைக் கட்டிச் சின்ன மீன் போலச் செய்து, நீளமான கயிற்றைத் தலைக்குமேல் சுழற்றி வீசுவார். இரண்டு வருடம் வீசியும் ஒன்றுகூட அகப்படவில்லை. கிளப்பில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை துரை தன் இறகுப் பெட்டியைச் சேஷனிடம் கொடுத்து, முட்களை அளவுப்படி அடுக்கிக் காலையில் காயலுக்குக் கொண்டுவரச் சொன்னார். நாளைக்கு மீன் கிடைத்தால் திங்கட்கிழமை கையெழுத்து என்றும் சொன்னார்.

சேஷன் பெட்டியைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் கால் கழுவப் போன நேரத்தில் மனைவி பாகீரதி துண்டைப் பிரித்துவிட்டாள்.

“ஏன்னா, என்ன இது? கோழி இறகா?”

“துரையோட பெட்டிடீ! தொட்டுடாதே!”

“தொட்டாச்சு. இனிமே நானும் குளிக்கணும், இதுவும் குளிக்கணும்.”

சேஷன் ஓடிவருவதற்குள் இறகுகள் அத்தனையும் மஞ்சள் கரைத்த நீரில் மூழ்கிவிட்டன. காலையில் பார்த்தால் வெள்ளையும் இல்லை, பழுப்பும் இல்லை. பெட்டி முழுக்க மஞ்சள்.

“பாருங்கோ, எத்தனை லக்ஷணமா இருக்கு!”

“இந்த லக்ஷணத்துக்கு என் வேலைதான் போகப் போறது” என்று தலையில் அடித்துக்கொண்டு சேஷன் கிளம்பினார்.

படகில் துரை பெட்டியைத் திறந்ததும் முகம் சிவந்தது. யார் செய்தது என்று உறுமினார். மனைவி என்று சொல்லச் சேஷனுக்கு மானம் இடம்கொடுக்கவில்லை.

“லோக்கல் மெதட், சார்.”

வேதமாணிக்கம் எட்டிப் பார்த்தார். “சாமி, மீனுக்கு என்ன கல்யாணமா? இவ்வளவு மஞ்சள் எதுக்காக்கும்?”

“சும்மா துழையும் ஓய்!” என்று சேஷன் துடுப்பைக் காட்டினார்.

வேறு முள் இல்லாததால் துரை முணுமுணுத்துக்கொண்டே வீசினார். மூன்றாம் வீச்சில் தண்ணீர் வெடித்தது. அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் பாலாங்கண்ணி படகுக்குள் வந்தது. துரை சிறுபிள்ளை போலக் குதித்தார், படகு சாய்ந்தது. உடனே கேமராவை எடுத்து, மீனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

வேதமாணிக்கத்தின் கையில் துடுப்பு. மிச்சம் சேஷன்தான்.

பிறந்ததிலிருந்து மீனைத் தொடாதவர், கண்ணை இறுக மூடி, நாராயணா நாராயணா என்று சொல்லிக்கொண்டு, வாலை இரண்டே விரலால் தூக்கினார். மீன் அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது. அடுத்த நிமிஷம் அது காயலில். கூடவே சேஷனின் தலைப்பாகையும்.

“தலைப்பாவையும் கொண்டுபோச்சே, சாமி!”

துரை தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மீனும் இல்லை, படமும் இல்லை; கிளப்பில் யார் நம்புவார்கள்? பிறகு சேஷனைப் பார்த்து, நீதான் சாட்சி, மீன் எவ்வளவு நீளம் என்று கேட்டார்.

கண்ணை மூடியிருந்த சேஷனுக்கு என்ன தெரியும்? பைலை நினைத்துக்கொண்டு கைகளை ஒன்றரை அடி விரித்தார். துரையின் முகம் வாடியே இருந்தது. இன்னும் விரித்தார். முகம் லேசாகத் தெளிந்தது. இன்னும் விரித்தார். கை வேதமாணிக்கத்தின் மூக்கில் இடித்தது.

“இதுக்கு மேல விரிச்சா நான் தண்ணியிலதான், சாமி!”

துரை வாய்விட்டுச் சிரித்தார். அன்று மாலை கிளப் வராந்தாவில் சேஷன் அதே கைகளை அதே அளவுக்கு விரித்து நின்றார். அக்ரஹாரத்துப் பிராமணன், மீனைப் பற்றி அவனுக்கு எதற்குப் பொய் என்று எல்லோரும் நம்பினார்கள். திங்கட்கிழமை கையெழுத்து விழுந்தது.

இதைப் படித்தவர்கள், உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேருக்காவது சொல்லுங்கள். மீனின் நீளத்தை மட்டும் நீங்கள் கூட்ட வேண்டாம். சேஷன் வேண்டிய அளவு கூட்டிவிட்டார்.