சிவப்பு இறாலும் சீசன் விருந்தாளிகளும்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்கள் வீட்டில் பாயும் தலையணையும் போதாது. குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று டிவியில் சொன்ன அன்றே, தூத்துக்குடியில் என் கணவரின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பையைக் கட்டிவிடுவார்கள். மதினி, அண்ணன் என்று நான் கூப்பிடும் இருவருமே தங்கமானவர்கள். அதுதான் தொல்லையே. கெட்டவர்களாக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

அந்த வருடம் எங்கள் முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தேன். உள்ளே நகத்தளவு சிவப்பு இறால்கள், இருபது சொச்சம். ஏற்கெனவே இரண்டு தடவை வாங்கி, இரண்டு தடவையும் ஒரு மாதம்கூடத் தாங்காமல் செத்துப்போய், "இனிமே இந்த வேலை வேண்டாம்" என்று கணவர் சொன்ன பிறகும் பிடிவாதமாக வாங்கியவை. இந்தத் தடவை பிழைத்துக்கொண்டன. அதிலும் ஒருத்தியின் வயிற்றுக்கடியில் மஞ்சள் மஞ்சளாக முட்டைகள். நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்ப்பேன். ஒரு வாரம் பொறுத்தால் குஞ்சுகள் வந்துவிடும். அந்த ஒரு வாரத்தில்தானா சீசன் வந்து தொலைய வேண்டும்?

"என்ன தங்கச்சி, ஒரு வாய்க்குக் காணாது போலிருக்கே! வளந்தா வறுக்கலாமா?" என்றார் அண்ணன், செருப்பைக் கழற்றும்போதே. கடற்கரைக்காரர். இறாலை வாணலியில் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம்.

"இதுக்கு மேல வளராதுண்ணே."

"அப்ப எதுக்கு வளக்கே?"

பேச்சை மாற்றிச் சட்டதிட்டங்களை ஆரம்பித்தேன். அருவிக்கு எண்ணெய் தேய்த்துப் போய்விட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடக் கூடாது. சோப்புக் கையும் கூடாது. பக்கத்தில் கொசு மருந்து அடிக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் பிடித்து வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஏழாம் வகுப்பில் பாடம் நடத்துகிறவள் இல்லையா, எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னேன்.

"ஏட்டி, நான் எம்புள்ளைய வளக்கையில கூட இவ்வளவு பாக்கலட்டி," என்று மதினி சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்காமல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால், இறால்கள் அங்கங்கே சாய்ந்து கிடக்கின்றன. ஒன்றிரண்டு மட்டும் காலை உதறிக்கொண்டிருந்தன. முட்டைக்காரி மல்லாந்து கிடந்தாள். முட்டைகள் மணலில் சிதறியிருந்தன. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது எனக்கு.

"யாரு கைய விட்டது?" என்று கத்தினேன்.

அண்ணன் பதறிப்போய் எழுந்து வந்தார். "கையே விடலம்மா. தண்ணி கொறஞ்சிருந்துச்சேன்னு காலையில கொஞ்சம் ஊத்துனேன். குழாத்தண்ணி இல்ல. நேத்து விடியக்காலம், கூட்டம் வாரதுக்கு முன்ன ஐந்தருவிக்குப் போயி கேன்ல புடிச்சாந்தது. நீ சொன்னாப்ல ஒரு நாள் வச்சிருந்துதான் ஊத்துனேன்."

"எதுல வச்சிருந்தீய?"

சமையலறையைக் கைகாட்டினார். மேடை மேல் எங்கள் செப்புக்குடம். அதையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்.

செம்பு கொஞ்சம் கலந்தாலும் இறாலுக்கு விஷம். எனக்கு அது நன்றாகவே தெரியும். இறால் தொட்டிக்குள் இருக்கும் செடிக்கு உரம் வாங்கினால்கூட அதில் செம்பு இருக்கிறதா என்று படித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். ஆனால் நான் இரண்டு தடவை ஒப்பித்த பட்டியலில் செம்பு இல்லை. சமையலறைக் குடம் தொட்டிப் பக்கம் போகும் என்று கனவா கண்டேன்?

"போன சீசன்ல நீதானம்மா சொன்ன," என்றார் அண்ணன் மெதுவாக. "பிளாஸ்டிக்ல வைக்காதீய, செம்புல வச்சாத்தான் தண்ணி சுத்தமாவும்னு. எங்களுக்கும் ஒரு குடம் வாங்கித் தந்தியே."

குத்திக்காட்டவில்லை அவர். அப்படிச் செய்திருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். திட்டுவதற்கு அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

அவர் குடத்தில் மிச்சம் இருந்ததை ஒரு டம்ளரில் மொண்டு வந்து நீட்டினார். "மொதல்ல இந்தத் தண்ணியக் குடி தங்கச்சி."

வாங்கிக் குடித்தேன். ருசியாக வேறு இருந்தது.