ஃபேனை நிறுத்துகிறவர்

செருப்பை வாசலில் கழற்றியதும் மோசஸின் கண் தேடுவது சுவிட்சு போர்டைத்தான். உள்ளே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருப்பார்கள். இவர் யாரிடமும் எதுவும் கேட்காமல், தலையைக் குனிந்தபடி சுவரோரமாகவே நடந்துபோய் ஃபேனை நிறுத்துவார். காற்றுப் பட்டால் இறந்தவரின் கருவிழி உலர்ந்துவிடும். பிறகு தலைமாட்டில் மண்டியிட்டு, பாதி திறந்திருக்கும் இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சை வைத்து, தலைக்கடியில் இன்னொரு தலையணையைச் செருகுவார். யார் இந்த ஆள் என்று வீட்டுக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். மீதிப் பாதிதான் கஷ்டம். வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

"ஆறு மணி நேரம்தாம்மா டைமு. அதுக்கு மேல போனா யாருக்கும் ஒதவாம பூடும். மூஞ்சி ஒண்ணும் ஆவாது, அப்பிடியே தூங்கற மாரிதான் இருக்கும். நான் கேரண்டி." இதைச் சொல்லும்போது கைகளை மார்பில் கட்டிக்கொள்வார். சில வீடுகளில் அடிக்க வந்திருக்கிறார்கள். கட்டிய கையைப் பார்த்தால் அடிக்கத் தோன்றாது என்பது அவருடைய கணக்கு.

கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி மோசஸுக்கு ஒரு வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. அண்டா, சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். பதினான்கு வருடங்களாகப் பாலாறு சேவா சங்கத்தில் உறுப்பினர். சங்கம் நல்ல காரியங்கள் பல செய்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுக்கும், ரத்த தான முகாம் நடத்தும், ஒரு மரக்கன்றை நட்டு அதைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். கண் தானப் பொறுப்பை மட்டும் யாரும் கேட்டு வாங்கவில்லை. சாவு வீட்டில் போட்டோவுக்குச் சிரிக்க முடியாதல்லவா. அது மோசஸ் தலையில் விழுந்தது. இதுவரை அறுபத்தெட்டுப் பேருடைய கண்களைக் கேட்டு வாங்கியிருக்கிறார். கேட்டு இல்லை என்று திரும்பிய வீடுகள் அதைப்போல் நாலு மடங்கு இருக்கும்.

சாவு வீடுகளுக்கு அவர் கடையிலிருந்து நாற்காலி போவதில்லை. கண்ணுக்கு வந்தானா, சேருக்கு வந்தானா என்று பேச்சு வந்துவிடும் என்று நிறுத்திவிட்டார். அவர் மனைவி பாப்பாவுக்கு இதில் தீராத எரிச்சல். "கல்யாணத்துக்கு எல்லாம் மண்டபத்துலயே சேரு கீது. எளவு வூட்டை வுட்டா நமக்கு இன்னா யாவாரம்? இவரு அத்தயும் வுட்டுட்டு கண்ணு கேட்டுகினு சுத்தறாரு."

ஊரில் அவருக்குப் பெயர் 'கண்ணு மோசஸ்'. டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் வயதானவர்கள் டம்ளரோடு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். கேலிக்குத்தான், ஆனால் முழுக்கக் கேலியில்லை. மைத்துனர் மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மோசஸ் வார்டுக்குள் போகவே இல்லை. பாப்பாவிடம் ஃபிளாஸ்க்கைக் கொடுத்தனுப்பிவிட்டு கேட்டருகிலேயே நின்றார். "என்னப் பாத்தா மச்சானுக்கு அப்பவே நின்னுடும்" என்று சிரித்தார். ஏன் இந்த வேலை என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார். "யாராச்சும் கேக்கணும்ல? கேக்காம யாரு தருவாங்க?"

போன ஐப்பசியில் கடப்பாக்கத்திலிருந்து ஜான்சன் போன் செய்தார். அவரும் சங்கத்துக்காரர், அந்த ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். "அண்ணே, நண்டு விக்குமே செங்கம்மா, அது வூட்ல ஒரே அழுவாச்சி. முடிஞ்சிருச்சி போல கீது. சீக்கிரம் வா." செங்கம்மாளுக்கு வயிற்றில் புற்றுநோய். தெருவுக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அல்சர் என்று சொல்லிவைத்திருந்தார் கணவர் எல்லப்பன். தை மாதம் மகள் கல்யாணத்துக்குள் எழுந்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் அந்த அம்மாள் வேளாவேளைக்குக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நினைவு தப்பியதும் சொந்தக்காரப் பெண்கள் ஓவென்று அழுதுவிட்டார்கள். ஜான்சன் தெருவில் நின்று கேட்டது அந்த அழுகையை. உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

மோசஸ் மழையில் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் செங்கம்மாளுக்கு நினைவு திரும்பியிருந்தது. வீடு அடங்கிப்போயிருந்தது. அழுது ஓய்ந்துவிட்டார்கள் என்று நினைத்த மோசஸ் வழக்கம்போலத் தலையைக் குனிந்து, சுவரோரமாக நடந்து, ஃபேனை நிறுத்தினார்.

"யாருப்பா அது? ஃபேன போடு, புழுங்குது."

மோசஸ் திரும்பினார். கையில் ஈரப்பஞ்சு. கட்டிலில் இருந்தபடி செங்கம்மாள் அந்தப் பஞ்சைப் பார்த்தார். சங்கத்தின் அரக்குச் சட்டையையும் அதில் தைத்திருந்த கண் படத்தையும் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கிழவர் செத்தபோது இதே சட்டை வந்து போனது அவருக்குத் தெரியும்.

"அண்ணா, எனக்கா வந்த?"

"கல்யாணத்துக்கு சேரு பேச வந்துகீறாரு" என்று எல்லப்பன் குறுக்கே பாய்ந்தார். ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இத்தனை வீடுகளில் அழுகிறவர்களைப் பேசிச் சம்மதிக்கவைத்த வாய் அன்று திறக்கவில்லை. ஃபேனை மறுபடியும் போட்டுவிட்டு அப்படியே நின்றார். அவர் முகம் சொல்லிவிட்டது.

செங்கம்மாள் அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றோடு கஞ்சி நின்றது. எல்லப்பன் மோசஸின் காலரைப் பிடித்துத் தெருவில் கொண்டுவந்து தள்ளினார். "பதினோரு மாசமா பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்டா. இன்னொரு தபா இந்தத் தெருவுல உன்னப் பாத்தேன், கால ஒடச்சிருவேன்."

ஒடித்திருந்தால் மோசஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அரக்குச் சட்டையைக் கடைப் பரணில் போட்டார். இனி நான் வரவில்லை என்று சங்கத் தலைவரிடம் சொன்னார். வருகிற மாதம் மாநாட்டில் விருது இருக்கிறதே என்று தலைவர் கவலைப்பட்டார். ஒரு மனுஷியின் கடைசி நாட்களைக் கெடுத்துவிட்டோமே என்ற நினைப்பு மோசஸைப் போட்டு அரித்தது. ஒருவர் சாவை அவரிடமே சொல்லிவிட்டு வந்த பாவத்துக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

ஆறாம் நாள் செங்கம்மாளே போன் செய்தார். எல்லப்பன் கடலுக்குப் போயிருந்த நேரம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"உம்மேல கோவமா கீது. ரொம்பக் கோவம். ஆனா கண்ணு குடுக்கறேன், எடுத்துக்க. அவராண்டயும் சொல்லிட்டேன். நீ மட்டும் வூட்டுக்குள்ள வராத. எம் பொண்ணு உன் மூஞ்சிய மறுக்காப் பாக்கக் கூடாது."

"சரிம்மா" என்றார் மோசஸ். அடுத்த வார்த்தைக்கு வாய் திறப்பதற்குள் போன் துண்டிக்கப்பட்டது.

ஐந்து நாள் கழித்துக் காலை ஏழு மணிக்குச் செங்கம்மாள் இறந்துபோனார். இந்த முறை ஜான்சன் உள்ளே போய், கிட்டே நின்று பார்த்துவிட்டுத்தான் போன் செய்தார். மோசஸ் வெறும் வெள்ளைச் சட்டையில் வந்து தெருமுனையிலேயே நின்றுகொண்டார். செங்கல்பட்டிலிருந்து வந்த கண் ஆஸ்பத்திரி வண்டியும் அவர் பக்கத்தில் நின்றது. உயிரோடிருக்கும்போது சொன்னது மட்டும் செல்லாது, கணவர் சம்மதித்துப் படிவத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். எல்லப்பன் முடியாது என்றுவிட்டார்.

ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. ஜான்சன் வீட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்து, ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்கினார். "அவரு பேச்சே காதுல வாங்கல அண்ணே. நீ வந்து கேட்டாதான் நடக்கும்." மோசஸ் தலையை ஆட்டினார். கேட்பதற்கே பிறந்தவர்போல் வாழ்ந்த மனிதர், கேட்கக்கூடாத இடத்தில் மூன்றரை மணி நேரம், நான்கு மணி நேரம் வெயிலில் நின்றார். பன்னிரண்டரைக்கு, இன்னும் அரை மணிதான் இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

அப்போதுதான் எல்லப்பன் வீட்டிலிருந்து வெளியே வந்து தெருவில் நடந்து வந்தார். பின்னால் வந்த ஆட்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்று மோசஸ் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றார். எல்லப்பன் ஒரு கை தூரத்தில் வந்து நின்றார். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலை மட்டும் மோசஸிடம் நீட்டினார்.