மணி என்றால் திரும்பும்

நகராட்சி நாய்க் காப்பகம். பெயர்தான் காப்பகம். கூண்டுக்காரர் அங்கே இருபத்திரண்டு வருஷமாகக் கூண்டு கழுவுகிறார், தண்ணீர் வைக்கிறார், நான்காம் நாள் காலையில் டாக்டர் விஷ ஊசியோடு வரும்போது நாயைப் பிடித்துக்கொள்கிறார். வீட்டு நாய் என்று தெரிந்தால் மட்டும் பத்து நாள் அவகாசம். அதை எப்படித் தெரிந்துகொள்வது? நாய் என்ன, அடையாள அட்டையா வைத்திருக்கிறது?

கூண்டுக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். முதுகுப் பக்கம் நின்று, "மணி" என்பார். திரும்பினால் வீட்டு நாய்.

"ஊர்ல வேற பேரே இல்லையா?" என்று டாக்டர் கிண்டல் செய்வார்.

"ரியோ, லூசின்னு புதுசு புதுசா வைக்கிறாங்க சார். அதுக்கெல்லாம் மறுநாளே போட்டோவோட ஆள் வந்துடும். மணின்னு வெச்சவங்க நடந்தே தேடி வரணும். லேட்டாகும்."

அந்தப் பழைய பேரில் அவருக்கு அப்படியொரு பிடிப்பு. ஓசையும் மணி, நேரமும் மணி, கண்ணுக்குள் இருப்பதும் மணி. ரெண்டே எழுத்து. திட்டவும் தோது, கொஞ்சவும் தோது. அதைச் சொல்லியே எத்தனையோ நாய்களைக் காப்பாற்றியிருக்கிறார். கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, அந்த வேலையில் கர்வப்பட வேறென்ன இருக்கிறது?

போன வாரம் ஒரு கிழட்டுச் செவலை வந்தது. மூன்று நாள் கூப்பிட்டும் அசையவில்லை. ஜிம்மி, ராஜா, டைகர் எல்லாம் சொல்லியாயிற்று. மனசு கேட்காமல் நான்காம் நாளும் தொண்டை கிழியக் கத்தினார். அது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெருநாய்தான் சார்" என்று அவரே தூக்கி மேஜையில் வைத்தார். அது அவர் கையை நக்கியது.

மறுநாள் மத்தியானம் ஒரு தையல்காரம்மா வந்தாள்.

"அண்ணே, செவலை நாய் ஒண்ணு வந்துச்சா? எங்க மணி. அஞ்சு நாளா அலையறேன்."

கூண்டுக்காரர் மெதுவாகக் கேட்டார், "கூப்பிட்டா திரும்புமாம்மா?"

"எங்கண்ணே? காது போய் ரெண்டு வருஷமாச்சு. தரையைத் தட்டினா ஓடி வரும்."

"வரலைம்மா" என்றார். பாவி மனுஷன், பொய்தான் சொன்னார்.

அவள் நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. வாசலைத் தாண்டியதும், "மணி! மணி!" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போனார்.

"அதுக்குத்தான் காது கேக்காதேம்மா."

"அதுக்குக் கேக்காதுதான்ணே. கேக்கிறவங்க யாராவது பார்த்திருந்தா சொல்லுவாங்கல்ல?"

கூண்டுக்காரர் நின்றுகொண்டே இருந்தார். சொல்லவில்லை.