ஒரு காதுக்குப் பேசிய பேரம்

சரக்கு விற்கும்போது ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். இது விற்பனைக்கு இல்லை. பொய் கலக்க அவசியமும் இல்லை. நடந்தது இதுதான்.

கிஷினாவு சந்தையில் எனக்குத் தோல் ஜாக்கெட் வியாபாரம். காதுதான் என் மூலதனம். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்ப்பவன் மூச்சு விடுகிற விதத்திலேயே எந்த விலைவரை ஏறுவான் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னை, வெறும் மாத்திரைக்கு அடங்காத காசநோய் கொண்டுபோய் ஊருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் போட்டது. தினமும் இடுப்பில் ஒரு கானமைசின் ஊசி. நெஞ்சைக் காப்பாற்றும், காதைத் தின்றாலும் தின்னும் என்று டாக்டரே சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

தின்றது. முதலில் போன் மணி போயிற்று. அடுத்து கெட்டிலின் விசில். மிச்சம், காதுக்குள் ஓயாத ரீங்காரம். வெளிச்சத்தில் ஒழுங்காக நடப்பேன். கண்ணை மூடினால் தரை சாயும்.

பக்கத்துக் கட்டில் ஸ்பிரிதோனுக்கு ஏற்கெனவே இரண்டு காதும் போய்விட்டன.

"என்னடா ஒனிசீம், வண்டு வந்துடுச்சா?" என்று வார்டே அதிரக் கத்துவார். "எனக்கு ரயிலே ஓடிச்சுடா! இப்போ ஸ்டேஷனையே மூடிட்டாங்க!"

"சும்மா கிடங்க அண்ணே" என்று வாயசைப்பேன்.

மாதாமாதம் காதுப் பரிசோதனை உண்டு. கூண்டு போல ஓர் அறை. தலையில் ஹெட்போன், கையில் பொத்தான். 'கீ' என்று கேட்டால் அழுத்த வேண்டும். தோற்றால் ஊசியை நிறுத்தி, மருந்தை மாற்றி, இன்னும் பல மாதம் உள்ளேயே வைப்பார்கள். ஜெயித்தால் கிறிஸ்துமஸுக்கு வீடு. என் மனைவி ரோதிகாவுக்கு அது பிரசவ மாதம்.

ஜெயிக்க வழி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் உட்காரும் நர்ஸ் ஸ்தெலியானா ஒலியை அனுப்பும்போதெல்லாம் அவள் தொங்கட்டான் ஆடும். ஆடினால் அழுத்துவேன்.

டிசம்பர். மாலை நாலு இருபது. வெளியே இருட்டிவிட்டது.

"கெட்டிக்காரர்தான் நீங்க" என்றாள் ஸ்தெலியானா. "இன்னிக்கு என் தொங்கட்டானைப் பார்க்காம சொல்லுங்க, பார்ப்போம்."

கண்ணாடியில் திரையை இழுத்தாள். கதவைச் சாத்தினாள்.

ரீங்காரம். வேறெதுவும் இல்லை. அப்புறம்…

"இப்போ."

ஒரு பெண்ணின் கிசுகிசுப்பு. அழுத்தினேன்.

"இப்போ."

அழுத்தினேன். நர்ஸ் இரக்கப்பட்டுவிட்டாள் போல என்று நினைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. ரோதிகா காதோரம் வாய் வைத்துக் கிசுகிசுத்தாலே எனக்குக் கேட்பதில்லை. இது கேட்கிறது… எழுத்து எழுத்தாக.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"இப்போ."

கை தானாக அழுத்தியது.

"சும்மாவா சொல்லித் தர்றேன்? என்ன குடுப்பே?"

விளக்கு அணைந்தது.

தரை சாய்ந்தது. சுவர் எது, கூரை எது… தெரியவில்லை. விழுந்தேன். கழுத்தில் ஒரு கை. ஈரமான கை. இறுக்கியது.

"ரெண்டு காதும் குடு."

உயிர் போகிற நேரத்திலும் பழக்கம் விடவில்லை.

"ஒண்ணு… ஒண்ணுதான்."

"சரி."

யோசிக்கவே இல்லை.

கேட்டதும் எதிராளி சரி என்றால் ஏமாந்தது நாம்தான். சந்தையில் பிறந்த பிள்ளைக்கும் அது தெரியும்.

கதவு திறந்தது.

"எல்லாமே சரியா அழுத்தியிருக்கீங்களே!" என்றாள் ஸ்தெலியானா. "ஏன் தரையில கிடக்கறீங்க?"

"விளக்கு போயிடுச்சு, சிஸ்டர்…"

"விளக்கா? அது எரிஞ்சுக்கிட்டேதானே இருக்கு?"

ஊசி தொடர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இடது காது செத்தது. அதிலிருந்த ரீங்காரமும் நின்றது. வலது காது மட்டும் பழையபடி. இருட்டில் பேரம் பேசியவள் சொன்ன பேச்சைக் காப்பாற்றினாளே என்று மனசைத் தேற்றிக்கொண்டு மூட்டை கட்டினேன்.

நர்ஸ் பேசும்போது நான் வலது பக்கம் திரும்பியதை ஸ்பிரிதோன் பார்த்துவிட்டார். கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினார். முதல்முறையாக அவர் கத்தவில்லை.

"கூண்டுக்குள்ள அவகிட்ட எத்தனைக்குடா முடிச்சே?"

ஒரு விரலைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை.

"நானும் ஒண்ணுன்னுதான்டா முடிச்சேன்."