இருப்பில் சேராதவை

புயல் வரும் என்று சொல்லியிருந்த நாள் காலையில், பாதுகாப்பு அதிகாரியம்மா கிடங்குச் சுவரில் நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். தரையிலிருந்து முப்பத்திரண்டு அங்குலம், நான்தான் அளந்தேன். பருவநிலை மாறுவதால் எங்கள் பெயின்ட் கம்பெனிக்கு என்னென்ன நஷ்டம் வரலாம் என்று நகரின் மறுபக்கம் சால்ட் லேக்கிலிருந்த தலைமை அலுவலகத்தில் தடித்த அறிக்கையே தயாரித்திருந்தார்கள். வெள்ளம் அந்த உயரம்வரை ஏறலாம் என்பது அதன் கணக்கு. கோட்டுக்குக் கீழே உள்ள சரக்கெல்லாம் மாடிக்குப் போக வேண்டும் என்பது உத்தரவு.

நான் கிடங்குப் பொறுப்பாளன். ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது டின்களை ஆறு பேர் மாலைக்குள் மேலே ஏற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டேன். அதிகாரியம்மா சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப்பெண், என்னைவிட முப்பது வயது இளையவர். கொல்லைப்புறம் நின்ற டிரம்களைக் காட்டினார்.

“சார், அதெல்லாம் ஏத்தலையா?”

“அது கழிவும்மா. ஸ்டாக்ல வராது.”

“தண்ணி உங்க ஸ்டாக் புக்கைப் பாத்துட்டா உள்ள வரும்? பின்னாடியே கால்வாய், அதைத் தாண்டுனா மீன் குளம் சார்.”

“ஆளுங்க கிளம்பிட்டாங்க. காலைல பாத்துக்கலாம்.”

அவர் தலைமை அலுவலகத்துக்கு போன் செய்தார். பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்களாம்.

மறுநாள் இருபத்தெட்டு அங்குலத் தண்ணீர். ஒரு டின்கூட நனையவில்லை. கொல்லைப்புறம் காலியாக இருந்தது. கால்வாயில் தேடிப் பதினொரு டிரம்களை மீட்டோம். மூன்றாம் நாள் குளங்களில் மீன்கள் செத்து மிதந்தன. வளர்த்தவர்கள் கேட்டில் வந்து நின்றார்கள். காணாமல் போனது எத்தனை என்று காட்டினால் நஷ்டஈடு பற்றிப் பேசலாம் என்றது கம்பெனி.

அதிகாரியம்மா காகிதத்தோடு வந்து உட்கார்ந்தார். “மொத்தம் எத்தனை இருந்துச்சு சார்? நம்பர் மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் எழுதிக்கிறேன்.”

இருப்பில் சேராததை நான் எண்ணியதில்லை. ஊகித்து ஒரு எண்ணைச் சொல்லாமல் ஸ்டாக் புக்கைப் புரட்டினேன். ‘தெரியவில்லை’ என்று அவர் எழுதினார். மீன்காரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அவர் வேலையை விட்டுப் போனார். கம்பெனியின் அடுத்த அறிக்கையில் ‘வெள்ளத்தால் இழப்பு இல்லை’ என்று என் கிடங்கின் படத்தோடு அச்சிட்டார்கள். எனக்கும் ஒரு பிரதி வந்தது.

இப்போது ஓய்வு பெற்று நகரின் தெற்கே டாக்குரியாவில் இருக்கிறேன். ஏரிக்கரையில் நடக்கும்போது பெஞ்சுகளை எண்ணுகிறேன். வீட்டுக்குத் திரும்பினால் படிகளை. துக்கம் என்று சொல்ல முடியாது, ஒன்றும் தோன்றுவதில்லை. கண்ணை மூடினால் அந்த டிரம்கள் நிற்கின்றன. முன்வரிசையை எண்ணிவிடுகிறேன், ஏழு. அதற்குப் பின்னால் எத்தனை வரிசை என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.