விளக்கடி விதை

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. அண்ணைக்கும் அப்படித்தான். ஒரு வயிற்றில் பிறந்ததற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். ஆகவே உரும்பிராயில் அவருடைய தக்காளி நாற்றுமேடையை நான் பிடுங்கி எறிந்த அன்று, அவர் என் கன்னத்தில் அறைந்தது எனக்கு அதிர்ச்சியாக இருக்கவில்லை. வலித்தது. இடது காது இரண்டு நாட்களாகக் கூவிக்கொண்டிருந்தது.

என்னுடைய வேலை விதை பார்ப்பது. வெளிநாட்டிலிருந்து வரும் காய்கறி விதைகளில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் சிறிய ஆய்வுகூடம் எங்களுடையது. விதையைத் தடித்த பிளாஸ்ரிக் பையில் போட்டு, கரைசல் ஊற்றி, உருளையால் நசுக்குவேன். அந்தச் சாற்றில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்துவேன். ஒரு கோடு விழுந்தால் விதை சுத்தம். இரண்டு விழுந்தால் நோய். ஆயிரம் விதையை நசுக்கிக் கொன்றுதான் மிச்ச விதை நல்லதா என்று அறிகிறோம். மென்மையான வேலை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தச் சண்டைக்கு முந்தைய போகத்தில், நோய் விழுந்த ஒரு தக்காளித் தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். காய்களெல்லாம் மண்ணிறத் திட்டுத் திட்டாக, தோல் கரடுமுரடாக இருந்தன. தோட்டக்காரர் கத்தியை எடுத்து வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டே போனார். செடிகளைத் தாங்கி நின்ற பந்தத்தடிகளையும் விடவில்லை. வெட்டி முடிந்ததும் வெட்டின இடத்திலேயே இருந்து அழுதார். அந்த மனிதரை என்னால் மறக்க முடியவில்லை.

அண்ணை வெளிநாட்டுத் தக்காளி விதை வாங்கியபோது, விதைக்க முதல் என்னிடம் தரச் சொன்னேன். நல்ல நாள் தவறிவிடும் என்று அவர் விதைத்துவிட்டார். நாற்று நாலு இலை விட்ட பிறகுதான் ஒரு கைப்பிடி விதையைப் பத்திரிகைத் துண்டில் மடித்துக் கொண்டுவந்து தந்தார். முத்திரை உடைக்காத பைக்கற்றிலிருந்து, கையுறை போட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. வேறு யாராவது அப்படிச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். கூடப் பிறந்தவருக்கு என்ன விதி என்று கையால் வாங்கி, பாதியை நசுக்கிப் பார்த்தேன்.

இரண்டு கோடு விழுந்தது.

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஸ்கூட்டியில் உரும்பிராய்க்குப் போனேன். அண்ணை வாய் நிறைய வெற்றிலையோடு நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, உது முழுக்க எரிக்கவேணும்."

"என்னடி கதைக்கிறாய்? பச்சைப் பசேலெண்டு நிக்குது."

"இப்ப தெரியாது, காய்க்கேக்கைதான் தெரியும். தொட்ட கையாலை தொத்துற வருத்தம். நாளைக்கு நாத்துக் குடுத்தியள் எண்டால் ஊரெல்லாம் போயிடும்."

"போடி விசரி. உதிலை கை வைச்சுப் பார்."

வைத்தேன். இரண்டு கையாலும் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினேன். செம்மண்ணோடு வேர்கள் முகத்தில் தெறித்தன. அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் அவருடைய கையைக் கடித்தேன், இந்த வயதில். அப்போதுதான் அறைந்தார். விழுந்து எழும்பினேன். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கொண்டுவந்து, பிடுங்கினதின் மேலும் பிடுங்காததின் மேலும் ஊற்றிக் கொளுத்தினேன். பச்சை நாற்று சுலபத்தில் எரியாது. காய்ந்த பனையோலையை இழுத்துப் போட்டேன். அண்ணை மண்வெட்டியைப் பிடித்தபடி நின்று பார்த்தார். அதை அவர் ஓங்காததே பெரிய காரியம்.

உண்மையைச் சொல்வதென்றால், எரியும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

அடுத்த கிழமை அதே தொகுதி விதையின் முத்திரை உடைக்காத பைக்கற் ஒன்று எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. பார்த்தேன். ஒரு கோடு. நம்பாமல் மூன்று தரம் பார்த்தேன். ஒரே ஒரு கோடுதான். அண்ணை தந்த பத்திரிகைத் துண்டை மேசை லாச்சியிலிருந்து எடுத்து விரித்தேன். மிஞ்சிய விதைகளுக்கு இடையில் மண்ணிறத்தில் சில துகள்கள் கிடந்தன. மோந்தவுடனே தெரிந்தது, புகையிலை. துகளை மட்டும் கரைத்துப் பட்டையை நிறுத்தினேன். இரண்டு கோடு. புகையிலையிலும் ஒரு தேமல் வைரஸ் இருக்கும். இலை காய்ந்து, பதப்பட்டுப் பாடமாகியும் அது சாகாது. தக்காளி வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். எங்கள் பட்டைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வேலையில் இருக்கிறேன்.

அடுத்த நாள் காலை அண்ணையே இணுவிலுக்கு என் வீட்டைத் தேடி வந்தார். சேட்டுக் கிழிந்திருந்தது. கீழுதடு பிளந்து வீங்கியிருந்தது.

"உன்னை அடிச்சது பிழை, தங்கச்சி," என்றார். "நீ சொன்னதை யோசிச்சுப் பாத்தனான். எங்கடை கிணத்திலை பங்கு இருக்கிற பங்காளிக்கு, நீ எரிக்க முதலே கொஞ்ச நாத்துக் குடுத்திருந்தனான். நேற்றுப் போய் அதையும் பிடுங்கிப்போட்டன். விடமாட்டன் எண்டு குத்தினான். மண்வெட்டிப் பிடியாலை போட்டன். அவன்ரை கை முறிஞ்சுபோச்சு."

அவருடைய உதட்டில் வைக்க ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தேன்.

"என்ரை தங்கச்சி பாத்தது பிழைக்காதெண்டு சொல்லிச் சொல்லித்தான் அடிச்சனான்," என்றார். பெருமையாகச் சொன்னார்.

"அண்ணை, எனக்குத் தந்த விதையை எங்கையிருந்து எடுத்தனியள்?"

"விளக்கடியிலை. நாள் விதைக்கேக்கை தட்டத்திலை ஒரு பிடி வைக்கிறதெல்லே? மிச்சம் பைக்கற்றாலை நேரை மேடைக்குப் போச்சு. உனக்கு நல்லதாக் குடுப்பமெண்டு சாமிக்கு வைச்சதை எடுத்தனான்."

எங்கள் வீட்டு வெற்றிலைத் தட்டத்தை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நறுக்கிய புகையிலை. நல்ல நாள் பார்த்துச் செய்யும் நாள் விதைப்பன்று அதிலேயே விதையையும் வைத்து விளக்கடியில் வைப்போம், நாற்று எழும்பும்வரை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எரிக்க முதல் ஒரு நாற்றின் இலையைக் கிள்ளிச் சோதித்திருந்தாலும் போதும். இரண்டையும் நான் செய்யவில்லை.

சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல், நாற்று சுத்தம் என்றும், எரித்தது வீண் என்றும் சொன்னேன். மறுகன்னத்தில் விழும் என்று காத்துநின்றேன். அண்ணை வாயிலிருந்த வெற்றிலையை முற்றத்தில் துப்பினார். காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினார். பிறகு, "வா," என்றார்.

பங்காளி வீட்டு வாசலில் இருந்தார். வலது கையில் முறிவுக்குப் பத்துப் போட்டுக் கழுத்தோடு கட்டியிருந்தது. அண்ணை மண்வெட்டியின் பிடியைக் கழற்றிக் கொண்டுபோய் அவருடைய இடது கையில் கொடுத்தார்.

"நாத்திலை ஒண்டுமில்லை. பிழை நடந்துபோச்சு. அடி."

"உன்ரை தங்கச்சியெல்லோ பாத்தவ?"

"அவ சரியாத்தான் பாத்தவ. நான் புகையிலைத் தட்டத்திலை கிடந்த விதையைக் குடுத்திட்டன். அடி."

பங்காளி அடித்தார். இடது கையாலும் நன்றாகவே அடித்தார். முதலடி தோளில் விழுந்தது. இரண்டாவது முழங்கையில். சரியாகப் பார்க்காதவள் நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். அண்ணை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். பயத்தில் மூடினேனா, அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு மூடினேனா என்று பிறகு பலமுறை என்னைக் கேட்டிருக்கிறேன். பயம்தான்.

மூன்றாவது அடியில் அண்ணை முழங்காலில் இருந்தார். நான் வேலிப் படலையைப் பிடித்தபடி நின்றேன். அன்று கன்னத்தில் அவர் தந்த ஒரு அறை எனக்குப் போதாது என்று அப்போதுதான் தெரிந்தது.